வாயில் ஒரு சொட்டும் விடக்கூடாது

நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். வாகரை முதுகுக்குப் பின்னால் இருந்தது. தெற்கே போகும் மணல் பாதையில் பெரிய கூட்டம். எனக்கு முன்னால் ஒருவன் ஆடொன்றை இழுத்துக்கொண்டு போனான். ஆடு வர மறுத்தது. அவன் அதை உதைத்தான், ஏசினான், கடைசியில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். எனக்குப் பின்னால் ஒரு பெண் கஞ்சிப் பானையைச் சூட்டோடு தலையில் வைத்து வந்தாள். அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறாள். என்னிடம் ஓர் உரப்பை இருந்தது. அதற்குள் உடுக்கும் சாரம் இரண்டு, ஒரு மேசன் கரண்டி, ஒரு தண்ணீர்ப் போத்தல்.

எனக்கு ஊர் கல்லடி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு ஓர் இடத்தில் நிலையாக நின்றதில்லை. மன்னம்பிட்டியில் செங்கல் சூளை, வாழைச்சேனையில் இறைச்சிக் கடை, பிறகு மேசன் வேலை. கடல் வந்து வீடுகளைக் கொண்டுபோன பிறகு வாகரைப் பக்கம் புது வீடுகள் கட்டினார்கள். அங்கே போனேன். சுவர்கள் தோள் உயரம் வந்தபோது யுத்தம் வந்துவிட்டது. நான் கட்டிய சுவர் ஒன்று பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஷெல் வரும்போது விசில் கேட்கும் என்பார்கள். எங்கள் மேல் விழுந்ததற்குக் கேட்கவில்லை. மண் எழும்பியது, விழுந்தது. ஆடு நின்று கத்தியது. அதைச் சுமந்தவன் பக்கத்தில் கிடந்தான், கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. பானை உடைந்து, மணலில் கொட்டிய கஞ்சியில் ஆவி பறந்தது. பானைக்காரி அந்தக் கஞ்சியைக் கையால் அள்ளி அள்ளிப் பானை ஓட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

எனக்கு யாரோ முழங்காலால் வயிற்றில் இடித்தது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். தொப்புளுக்கு இடப்பக்கம் வாய் போல ஒன்று திறந்திருந்தது. உள்ளிருந்து சாம்பலும் நீலமுமாக ஒன்று வெளியே வரப் பார்த்தது. இறைச்சிக் கடையில் நின்றவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. சாரத்தை அவிழ்த்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு மணலில் குந்தி இருந்துவிட்டேன்.

உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் தூக்கிப் போட்டார்கள். எனக்குக் கீழேயும் ஆட்கள், மேலேயும் ஆட்கள். கீழே கிடந்தவர்களில் யார் உயிரோடு இருந்தார்கள் என்று தெரியாது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டேன். என் உரப்பையைத் திறந்து என் போத்தலை எடுத்த ஒருவன், என் கண் முன்னாலேயே முழுவதையும் குடித்தான். அவனைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவன் எனக்குச் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்று பிறகுதான் தெரிந்தது.

சோதனைச் சாவடியில் இறக்கிப் பார்த்தார்கள். ஓர் இளம் ஆமிக்காரன் என் சாரத்து முடிச்சை அவிழ்த்தான். உள்ளே என்ன ஒளித்திருக்கிறேன் என்று பார்க்கத்தான். பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, முன்பிருந்ததைவிட இறுக்கமாகத் திரும்பக் கட்டிவிட்டான்.

டவுன் ஆஸ்பத்திரியில் என்னைத் தரையில்தான் கிடத்தினார்கள். கட்டில்கள் நிறைந்துவிட்டன. ஒரு மிஸி வந்தாள். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. விரலை என் வாய்க்குள் விட்டுத் துழாவி மண்ணை எடுத்தாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். சாரத்தைக் கத்தரித்தாள். எங்கே இரத்தம் ஓடுகிறதோ அங்கே துணியை வைத்து அமத்தினாள். கண் இருண்டது. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எனக்கு நினைவில் தங்கியது. நான் அம்மணமாகக் கிடந்தேன். அவள் ஒரு போர்வையை எடுத்து என் இடுப்புக்குக் கீழே மூடினாள். அந்த அவசரத்தில், அத்தனை பேர் கத்திக்கொண்டிருந்த இடத்தில். மூச்சு, இரத்தம், அதற்கு அடுத்தது வெட்கம். அந்த வரிசையை அவளிடம்தான் முதலில் கண்டேன்.

கண் விழித்தபோது கட்டிலில் இருந்தேன். மூக்குக்குள்ளால் ஒரு குழாய் வயிற்றுக்கு இறங்கியிருந்தது. அதிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒரு பைக்குள் வடிந்தது. கையில் சேலைன் ஊசி. மூத்திரத்தை நாங்கள் சலம் என்போம், அது போவதற்கு இன்னொரு குழாய். தலைமாட்டில் ஒரு மட்டை தொங்கியது: வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது.

"தண்ணி," என்றேன்.

"இல்ல," என்றாள் போர்வை மூடிய அதே மிஸி. பெயர் திலகா, ஆரையம்பதிக்காரி. மெல்லிய உடம்பு, பெரிய கை. "என்ன வேலை செய்யிறீங்க தம்பி?"

"மேசன்."

"கல்லு வெச்ச அண்டைக்கே அதுக்கு மேல லிண்டல் போடுவீங்களா?"

"மாட்டன்."

"உங்கட குடல்ல ஒரு துண்ட வெட்டி எறிஞ்சிட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தைச்சிரிக்கி. தையல் இறுகோணும். ஒரு சொட்டு உள்ள போனாலும் வாந்தி வரும், வகுறு ஊதும், தையல் விடும். விட்டா குடல்ல இருக்கிற ஊத்தையெல்லாம் வகுத்துக்குள்ள பரவும். மறுகா எங்களுக்குச் செய்ய ஒண்ணுமில்ல."

இதைப் படிப்பவர்களில் யாராவது நாளைக்கு ஒரு வயிற்றுக் காயக்காரரின் பக்கத்தில் நிற்க வேண்டி வரலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். வயிற்றைத் திறந்து குடலைக் கையால் தொட்டால் அது செத்தது போலக் கிடக்கும். தானாக எழும்ப நாள் எடுக்கும். எழும்பிவிட்டது என்பதற்கு ஒரே அடையாளம், கீழால் காற்றுப் பிரிவது. அதுவரை வாயில் ஒன்றும் விடக்கூடாது. சேலைனால் உடம்புக்குத் தண்ணீர் போகிறது. ஆனால் வாய்க்கு அது தெரியாது. நாக்கு தேங்காய் நார் போலக் கிடந்தது. உதடு வெடித்து, வெடிப்பிலிருந்து வந்த இரத்தத்தை நக்கினேன். அது ஈரமாக இருந்தது, அதுவே போதும் என்று இருந்தது.

எங்கள் ஊரில் யாரைக் கண்டாலும் முதலில் கேட்பது சாப்பிட்டாச்சா என்று. திலகா மிஸி யாரிடமும் அதைக் கேட்டதில்லை. காலையில் கட்டில்களுக்கு இடையில் நடந்துகொண்டே கேட்பாள். மூச்சு விடக் கஷ்டமா? சலம் போச்சா? நோவு எப்பிடி? நித்திரை கொண்டீங்களா? என்னிடம் மட்டும் கூடுதலாக ஒன்று. சத்தமாகவே கேட்பாள்: "காத்துப் போச்சா?"

பக்கத்துக் கட்டிலில் சீனித்தம்பி அண்ணன். கரடியனாற்றில் வயல் செய்பவர். மாடு தேடிப் போன இடத்தில் மிதிவெடி ஒரு காலை முழங்காலோடு எடுத்துவிட்டது. அவர்தான் எனக்காகப் பதில் சொல்வார்.

"எங்க மிஸி! ஊர் முழுக்க வெடிச்சத்தம். இவன்ட வகுத்துக்குள்ள மட்டும் யுத்த நிறுத்தம்."

கட்டில்கள் நிறைந்த அந்த வாட்டே சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியாது, தையல் இழுக்கும். அவரை அடிக்க எட்டாது.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, இன்னொரு லொறியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாட்டில் அப்போது மிஸி ஒருத்திதான் நின்றாள். வாசலுக்குப் பக்கத்தில் விரல்கள் போன ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். கேட்கச் சகிக்காத கத்தல். அவனுடைய மைத்துனன், தடித்த ஆள், மிஸியின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டு மூலைக்குப் போனாள். அங்கே கிடந்தவன் ஒரு சத்தமும் போடவில்லை. கண் மேலே செருகியிருந்தது, உதடு கத்தரிப்பூ நிறம். அவனுடைய வாய்க்குள் குழாயை விட்டு இரத்தக் கட்டிகளை உறிஞ்சி எடுக்கத் தொடங்கினாள்.

"ஏய்! உயிரோட இரிக்கிறவன விட்டுட்டுப் பொணத்துக்கா வேலை செய்யிற?" என்று கத்தினான் மைத்துனன். சேலைன் தொங்கும் இரும்புக் காலைத் தூக்கி அவளுடைய முதுகில் அடித்தான். அடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் முன்னால் சாய்ந்தாள், கை குழாயை விடவில்லை. அடுத்த அடியும் விழுந்தது. சீனித்தம்பி அண்ணன் படுத்தபடியே சலப் போத்தலை எடுத்து அவன் மேல் எறிந்தார். அது நிறைந்திருந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற நேரத்துக்குள் அட்டன்டன்மார் ஓடிவந்து அவனைப் பிடித்தார்கள்.

மூலையில் கிடந்தவன் மூச்சை இழுத்தான். ஓலை கிழிவது போல ஒரு சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் மிஸி எழும்பினாள். நேரே விரல் போனவனிடம் வந்தாள்.

"இப்ப காட்டுங்க கைய." பிறகு அட்டன்டன் பிடியில் நின்ற மைத்துனனைப் பார்த்தாள். "இவர் கத்துறார், எனக்குக் கேக்குது. அவருக்குக் கத்த வழியில்ல. அதான் அங்க போன."

வேலை முடிந்த பிறகு எங்கள் கட்டில்களுக்கு நடுவில் வந்து, முதுகைச் சீனித்தம்பி அண்ணனுக்குக் காட்டி நின்றாள்.

"சட்டையில ரெத்தம் தெரியுதா அண்ணன்?"

"இல்ல மகள். துருதான் பிரண்டிரிக்கி."

"அப்ப சரி," என்று போனாள். ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தாள்.

அதையெல்லாம் பார்த்த பிறகும் நான் அவளை வெறுத்தேன். எனக்குத் தண்ணீர் வேண்டும். அவள்தான் தண்ணீருக்கும் எனக்கும் நடுவில் நின்றவள்.

என் வயிறு ஊதத் தொடங்கியது. டொக்டர் வந்து குழலை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. காய்ச்சலும் வந்திருந்தது. இன்னும் நாலு நாள் பார்ப்போம், குடல் எழும்பாவிட்டால் திரும்பவும் திறக்க வேண்டும் என்றார். இன்னொரு தரம் திறந்தால் தாங்குவானா என்று மிஸி கேட்டதையும், அவர் குழலை மடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனதையும் பார்த்தேன்.

அன்று மத்தியானம் அக்கா வந்தாள்.

எனக்கு மிஞ்சியிருந்த ஒரே சொந்தம் அவள்தான். கல்லடிக் கடற்கரையில் இருந்தது அவளுடைய வீடு. கடல் வந்த காலையில் புருஷனையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கொண்டுபோனது. அவள் சந்தைக்குப் போயிருந்தாள், நான் சூளையில் நின்றேன். சின்னவள் மட்டும் பிறகு வாவிப் பக்கத்துக் கண்டல் வேருக்குள் கிடைத்தாள். அதற்குப் பிறகு அக்கா வாவியைக் கடக்கும் பாலத்துக்கு அப்பால் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டில்களில் ஒன்றில் இருந்தாள். மீன் விற்கிற ஒருத்தி சொல்லித்தான் நான் ஆஸ்பத்திரியில் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது.

கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னைப் பார்த்தாள். ஊதிய வயிறு, குழிவிழுந்த கண், வெடித்த உதடு. அழவில்லை. மடியிலிருந்து ஒரு மூக்குப்பேணியை, மூக்கு வைத்த சின்னக் குவளையை, எடுத்தாள். அதன் வாயைத் துணியால் கட்டியிருந்தாள்.

"தம்பி, வாயத் திற," என்றாள்.

திறந்தேன். என்ன என்று கேட்கவில்லை. பேணிக்குள் ஏதோ ஆடியது, அது போதும். அவள் ஒரு கையால் என் தலையைத் தூக்கினாள். பேணியின் மூக்கு என் உதட்டில் பட்டது, குளிர்ந்தது.

திலகா மிஸி எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. பாய்ந்து பேணியைத் தட்டினாள். பால் என் கழுத்திலும் சுவரிலும் சிதறியது. அக்கா பேணியை விடவில்லை. மிஸி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். அக்கா அந்தக் கையைக் கடித்தாள். மிஸி விடவில்லை. அக்கா மற்றக் கையால் பேணியை வாங்கி மிஸியின் முகத்தில் அடித்தாள். பித்தளை, பாரமானது. புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. இரண்டு பெண்களும் என் கட்டில்மேல் விழுந்தார்கள். தையலில் அடிபட்டு நான் மாடு போலக் கத்தினேன்.

"விடுடி! என்ட தம்பி! என்ட தம்பிக்குக் குடுக்கவும் உன்னட்டக் கேக்கோணுமா?"

அட்டன்டன்மார் அக்காவை இழுத்துக்கொண்டு போனார்கள். தலைமயிர் அவிழ்ந்து, சீலை வாட்டின் தரையில் இழுபட, கத்திக்கொண்டே போனாள். மிஸி ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் திரும்பினாள். என் தாடையைப் பிடித்துத் திறந்து, துணி சுற்றிய விரலால் நாக்கையும் கன்னத்து உட்பக்கத்தையும் துடைத்தாள். உதட்டில் விழுந்த ஒரு சொட்டை அவளுடைய விரல் வருவதற்கு முன்னால் நான் நக்கிவிட்டேன். அவளுடைய தாயை இழுத்துக் கெட்ட வார்த்தையால் ஏசினேன். அவள் துடைத்து முடித்தாள்.

"உள்ள போகல்ல," என்று தனக்குத்தானே சொன்னாள். அவளுடைய இரத்தம் என் தலையணையில் சொட்டியது.

அந்தப் பெண்ணை இனிமேல் உள்ளே விடக்கூடாது என்றார்கள் மேலே இருந்தவர்கள். பொலிசுக்குச் சொல்வோம் என்றார் ஒருவர். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அக்காவைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது திலகா மிஸிதான். புருவத்தில் தையல், கையில் கட்டு. என் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்துகிற வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு அக்காவை இருத்தினாள். தானும் இருந்தாள். மிஸி ஓர் இடத்தில் குந்தி இருந்ததை அன்றுதான் கண்டேன்.

"அக்கா, வாயால ஒண்ணும் குடுக்கக் கூடாதெண்டு வாசல்ல உங்களுக்குச் சொன்னவங்கதானே?"

"சொன்ன."

"மறுகா ஏன் கொண்டந்த?"

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவள எடுக்கக்குள்ள வாய் நிறைய மண் மிஸி. விரலால தோண்டித் தோண்டி எடுத்தன். எடுக்க எடுக்க இருந்த. பால் விட எண்டு போனா விட இடமில்ல. பெரியவளயும் அவரையும் காணவே இல்ல. ஒருத்தருக்கும் ஒரு சொட்டு விடல்ல நான். இவன் ஒருத்தனுக்காவது விடோணும்."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். ஓர் ஆள் போகப்போகிறார் என்றால், சொந்தத்தில் ஒருவர் வாயில் பால் விட வேண்டும். அது இறங்கினால் ஆள் குறையில்லாமல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் எத்தனையோ வீடுகளில் அதைப் பார்த்து நின்றிருக்கிறேன். இருந்தும் வாட்டில் அந்தப் பேணியைக் கண்டபோது எனக்கு அது தோன்றவில்லை. இப்போதுதான் விளங்கியது. அக்கா என்னைக் குடிக்க வைக்க வரவில்லை. அனுப்பி வைக்க வந்திருக்கிறாள்.

மிஸி அக்காவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கையால ஏதாவது செய்யோணும், அதுதானே? செய்யுங்க. நான் காட்டித் தாறன். பால் எண்டா பால். ஆனா பேணி இல்ல. துணிய நனைச்சிப் பிழிஞ்சி உதட்டில மட்டும். ஒரு சொட்டு உள்ள போச்செண்டா, உங்கட தம்பியக் கொன்னது கடலுமில்ல ஷெல்லுமில்ல."

மிஸி பால் வாங்கிவர ஆள் அனுப்பினாள். ஒரு வெள்ளைத் துணித் துண்டை அதில் நனைத்து, பிழிந்து, அக்காவின் கையில் கொடுத்தாள். அக்கா அதை என் உதட்டுக்குக் கொண்டுவந்தாள்.

எத்தனையோ நாளாக வாய்க்கு ஈரம் இல்லை. பால் மணம் மூக்குக் குழாயையும் தாண்டி வந்தது. உடம்பு முழுவதும் அந்தத் துணியை நோக்கி எழும்பியது. நான் பல்லைக் கடித்து உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"திறடா."

தலையை ஆட்டினேன்.

"தம்பி, திறடா!"

திறக்கவில்லை. அவள் துணியை அழுத்தினாள், நான் முகத்தைத் திருப்பினேன். பால் கன்னத்தால் ஓடிக் காதுக்குள் போனது. அக்கா என் கன்னத்தில் பளார் என்று அறைந்தாள். சின்ன வயதில் அறைந்த அதே கை, அதே கனம். சீனித்தம்பி அண்ணன் "ஐயோ, காயக்காரன புள்ள!" என்று எழும்பப் பார்த்தார். மிஸி கையை நீட்டி அவரைத் தடுத்தாள். அக்காவைத் தடுக்கவில்லை.

"சாகிறவனுக்குத்தானே பால்," என்றேன். நாக்கு புரளாமல் பாதிச் சொல்தான் வந்தது. "நான் சாகல்ல கா. தண்ணியத் தொட்டு வை."

அக்கா என்னைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். எழும்பிப் போய்ப் பால் முழுவதையும் கை கழுவுகிற தொட்டியில் ஊற்றினாள். துணியை நாலைந்து தரம் அலசினாள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். அப்போது வாயைத் திறந்தேன். அவள் உதட்டைத் துடைத்தாள், நாக்கைத் துடைத்தாள், பல்லைத் துடைத்தாள். ஒரு சொட்டும் உள்ளே விடவில்லை. அவளுடைய கண்ணிலிருந்து விழுந்தது மட்டும் என் கழுத்தில் விழுந்தது.

அதற்குப் பிறகு அக்காவை வாட்டில் யாரும் தடுக்கவில்லை. உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது, ஆளைப் பக்கம் திருப்பி முதுகைத் துடைப்பது, சுருங்கிய விரிப்பை இழுத்துச் சரிசெய்வது எல்லாம் மிஸி காட்டிக் கொடுத்தாள். அக்கா என்னை முடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். சொந்தம் யாரும் வராத ஆட்களுக்கும் உதடு நனைத்தாள். கொட்டிலுக்குப் போய் இரவில் நித்திரை கொண்டதாகவும் சொன்னாள். கடல் வந்த பிறகு அது புதுமை என்றாள்.

என் வயிறு மட்டும் அப்படியே இருந்தது. டொக்டர் சொன்ன நாளும் வந்தது.

"ஒழும்புங்க தம்பி," என்றாள் மிஸி. "கிடந்தா குடலும் கிடக்கும். நடந்தாத்தான் அது ஒழும்பும்."

"ஏலாது."

"ஊர் ஊரா நடந்த ஆளாமே. அக்கா சொன்ன. இந்த வாசல் வரைக்கும் நடக்க ஏலாதா?"

ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் மிஸி, சேலைன் போத்தலைப் பிடிக்க ஓர் அட்டன்டன். கால் தரையில் பட்டதும் வயிற்றுக்குள் யாரோ அரிவாளைத் திருப்பினார்கள். அக்காவின் தோளில் நகத்தைப் பதித்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் பொறி பறந்தது. ஏசினேன். மிஸியை, அக்காவை, ஷெல்லை, கடலை, என் போத்தலைக் குடித்தவனை. "ஏசுங்க, ஏசிக்கொண்டு நடங்க," என்றாள் மிஸி. கட்டில்களில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். போனேன், வந்தேன். இருத்தினார்கள். கொஞ்சம் கழித்து மறுகா எழுப்பினார்கள். அரிவாள் மறுகா திரும்பியது.

மூன்றாம் தரம் நடை ஓரத்து யன்னல் வரை போனேன். அங்கிருந்து வாவி தெரிந்தது. ஒரு தோணிக்காரன் வலையை உதறிக்கொண்டிருந்தான். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வயிற்றுக்குள் எங்கோ தூரத்தில் ஒன்று நகர்ந்தது. குழாய்க் கிணற்றை அடிக்கும்போது தண்ணீர் வருவதற்கு முன்னால் கேட்கும் சத்தம். நகர்ந்து, நின்று, திரும்பவும் நகர்ந்து, கீழே இறங்கி, வெளியே வந்தது. நீளமாக. வாட்டின் கடைசிக் கட்டிலுக்கும் கேட்டிருக்கும்.

அக்கா வெட்கத்தில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். மிஸி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"போட்டான்டா!" என்று கட்டிலில் குதித்தார் சீனித்தம்பி அண்ணன், ஒரு காலோடு. "யுத்த நிறுத்தம் முடிஞ்சி போச்சி!"

டொக்டர் வந்து கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அன்று பின்னேரம் மிஸி ஒரு தேக்கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள். கரண்டியை அக்காவிடம் கொடுத்தாள். அவள் என் வாய்க்குக் கொண்டுவருவதற்குள் பாதி சிந்தியது. மிச்சம் நாக்கில் விழுந்தது. விழுங்கவில்லை, வைத்துக்கொண்டிருந்தேன். எங்கெல்லாமோ தண்ணீர் குடித்திருக்கிறேன். வயலில், சூளையில், பிறர் வீட்டு வாசலில். அதற்கு ருசி உண்டு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீர், குளோரின் மணம். பிறகு விழுங்கினேன். மூன்று பேரும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீரிலிருந்து தேத்தண்ணீர், அதிலிருந்து கஞ்சி, கஞ்சியிலிருந்து குழைத்த சோறு. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மூலையில் கிடந்த, மிஸி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்த ஆள், அதற்கிடையில் செத்துப்போனான். அவனுக்கு யாரும் வரவில்லை. அவனுக்கு மூச்சு அடங்கப்போகும் நேரத்தில் அக்கா மிஸியிடம் போய் ஏதோ கேட்டாள். மிஸி தலையாட்டினாள். அக்கா பால் நனைத்த துணியோடு அவனிடம் போனதைப் பார்த்தேன். அவன் வாயை மூடவில்லை.

வெட்டிய காலின் தையல் பிரிக்கும் முன்னமே சீனித்தம்பி அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். போகலாம் என்று எனக்கு முந்தித் துண்டு எழுதிக் கொடுத்ததில் அவருக்குக் கோபம். "போ மனே, போ. போற வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு போ," என்றார். திலகா மிஸி ஒரு புது ஆளின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். போறன் மிஸி என்றேன். அவள் திரும்பவில்லை.

"சலம் ஒழுங்காப் போகுதா?"

"ஓம்."

"பாரம் தூக்கப்படாது. மாசக் கணக்கில தூக்கப்படாது. விளங்கிச்சா?"

"ஓம்."

"சரி. வேலையத்து இருக்கவும் வேணாம். சும்மா குந்தி இருந்தா உங்களப் போல ஆளுக்கு அது வேற வருத்தம்."

அக்காவின் கொட்டிலுக்குப் போனோம். பாலத்தை நடந்தே கடந்தேன், இடையில் குந்திக் குந்தி. அன்றிரவு தகரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு யோசித்தேன். கல் தூக்க ஏலாது, வலை இழுக்க ஏலாது, மண்வெட்டி பிடிக்க ஏலாது. இருந்த இடத்தில் இருந்து செய்யும் வேலை என்று இந்த ஊரில் என்ன உண்டு?

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவும் நடந்தேன். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சவப்பெட்டிப் பட்டறை இருந்தது. பெட்டிகள் முடிய முடியப் போய்க்கொண்டிருந்தன, செய்ய ஆள் போதாது. பெட்டியின் உட்புறத்தில் வெள்ளைத் துணியைச் சுருக்கி ஆணி அடிக்கிற வேலை. வாங்கில் இருந்து செய்யலாம். பாரம் இல்லை. கொட்டிலுக்குத் திரும்பி அக்காவுக்குச் சொன்னபோது "உனக்கு வேற வேலை கிடைக்கல்லியா?" என்று தாடையில் குத்தினாள். "இருந்து செய்யிற வேலை கா," என்றேன்.

அடுத்த நாள் பட்டறை முதலாளி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு காயமா என்றார், ஓம் என்றேன். சுத்தியலையும் சின்ன ஆணிகளையும் தந்தார். ஒரு நடுத்தரப் பெட்டி பாதி முடிந்து கிடந்தது.

"கூடுதலாப் போற பெட்டி உன்ட உயரம்தான் தம்பி," என்றார். "அளவு சரியா எண்டு ஒருக்காப் படுத்துக் காட்டு பாப்பம்."

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். புது ஆட்களுக்கு எல்லாம் செய்கிற பகிடியாக இருக்க வேண்டும்.

நான் சுவரோடு முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்று, நின்றபடி அளக்கச் சொன்னேன்.